தோட்டத்து வழி பாத்தியதை

தன்னுடைய தோட்டத்தில் இன்னொருவருக்கு உரிமை முளைத்துக்கொண்டிருக்கிறது என்பது பேராசிரியருக்கு வகுப்பின் நடுவில்தான் உறைத்தது.

சட்டக் கல்லூரியில் அவர் நடத்துவது சட்டவியல். உரிமை என்றால் என்ன, ஒரு பொருளை என்னுடையது என்று சொல்லும்போது ஒருவன் உண்மையில் என்ன சொல்கிறான் என்கிற மாதிரியான, வழக்கு நடத்திச் சம்பாதிக்கிற யாருக்கும் தேவைப்படாத கேள்விகள். எந்தக் கேள்விக்கும் அவர் ரோமாபுரியிலிருந்துதான் பதிலை ஆரம்பிப்பார். அதனால் மாணவர்கள் அவருக்கு 'ரோமாபுரி' என்றே பட்டம் கட்டியிருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். பட்டத்தில் பிழை ஒன்றும் இல்லை என்பதால் விட்டுவிட்டார்.

அன்று மதிய வகுப்பு. வானம் மூட்டமாக இருந்தது. பாதி மாணவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள்; பேராசிரியரும் கிட்டத்தட்ட தூக்கத்தில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நெடுங்காலப் பழக்கத்தால் உரிமை எப்படிப் பிறக்கிறது என்பது பாடம். ஒருவர் இன்னொருவர் நிலத்தின் வழியாக நடக்கிறார். பலவந்தமாக நடக்கவில்லை. ஒளிந்து நடக்கவில்லை. அனுமதி கேட்டும் நடக்கவில்லை. சும்மா நடக்கிறார். நிலத்துக்காரரும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். வருஷங்கள் போகின்றன. ஒரு நாள் காலை அந்த நடை உரிமையாகிவிடுகிறது. அதற்கப்புறம் நிலத்துக்காரர் தலைகீழாக நின்றாலும் தடுக்க முடியாது.

பின் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி உதாரணம் கேட்டாள். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். ஒரு வீடு. அதன் பின்னால் ஒரு தோட்டம், எலுமிச்சை மரம், ஒற்றையடிப் பாதை. காலையில் பின்பக்க மரக்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வருகிறார். கையில் சாம்பல் நிறக் குடை. ஒழுகிக்கொண்டிருக்கும் குழாயை இறுக்கி மூடுகிறார். ஈரத்தில் கிடக்கும் செய்தித்தாளை எடுத்துப் படியில் வைக்கிறார். தாழ்வாரத்தில் தேநீரோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிறார். முன்பக்கக் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். சாயங்காலம் அதே வழியாகத் திரும்புகிறார்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விழித்துக்கொண்டார்கள். சட்டவியல் வகுப்பில் குடை நிறம் வருவது வழக்கமில்லை.

"இது எவ்வளவு காலமா நடக்குது சார்?" என்றாள் அந்த மாணவி.

"ரொம்ப வருஷமா."

"அப்ப அந்தம்மாவுக்கு இந்நேரம் உரிமை வந்திருக்கும். வரலேன்னா சீக்கிரம் வந்துடும். வீட்டுக்காரர் தூங்கிட்டு இருக்காரா சார்?"

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

குடையோடு வருகிறவர் கடைத்தெருவில் பூட்டுக்கடை வைத்திருந்தார். ஊரே அவரைப் பூட்டுக்காரம்மா என்றுதான் சொல்லும். அப்பாவின் கடையை எடுத்து நடத்தி, கல்யாணத்துக்கு நேரமில்லாமல், நரைக்கத் தொடங்கியிருந்தவர். பேராசிரியரின் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. அந்தச் சந்தில்தான் எங்கேயோ அவர் வீட்டுக் கதவு. சந்தைச் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது தூரமாக இருக்கும், அதனால் தோட்டத்தைக் குறுக்கு வழியாக வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பேராசிரியர் நினைத்திருந்தார். அவரைக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. காலையில் வெளிச்சம் வருகிற மாதிரி அவரும் வருகிறார், அவ்வளவுதான்.

வீட்டில் பாதி அக்காவினுடையது. ஆகவே அன்று சாயங்காலமே பேராசிரியர் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். தன் அசட்டையால் குடும்பச் சொத்தில் ஒரு பாரம் ஏறப்போகிறது என்று ரோமாபுரியிலிருந்து தொடங்கி விளக்கினார்.

அக்கா காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். "அவ நடக்கறதுல நமக்கு என்னடா குறைஞ்சுபோச்சு? கொஞ்சம் புல்லு தேயுது."

"புல்லு இல்லக்கா. தத்துவம்."

"அதுக்காக வழியை அடைக்கப்போறியா?"

பேராசிரியர் பதறிப்போனார். அடைப்பதா? அந்தத் தலையசைப்பு இல்லாத காலையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாழ்க்கையில் அவருக்கு நடக்கிற நல்ல விஷயம் அது ஒன்றுதான். பூட்டுக்காரம்மா வரவும் வேண்டும், உரிமை வளரவும் கூடாது. அதற்குச் சட்டத்திலேயே அழகான வழி இருந்தது: அனுமதி. அனுமதி வாங்கி நடக்கிறவருக்கு எத்தனை காலம் ஆனாலும் உரிமை பிறக்காது. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

மறுநாள் காலை அவர் தாழ்வாரத்தை விட்டு இறங்கிப் பாதையின் நடுவில் நின்றார். பூட்டுக்காரம்மா குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் பேராசிரியர். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் இருவரும் நின்றதில்லை.

"நீங்க இந்த வழியா போறதுக்கு நான் அனுமதி குடுக்கறேன்" என்றார் பேராசிரியர்.

பூட்டுக்காரம்மா குடையைக் கை மாற்றிக்கொண்டார். "இவ்வளவு நாளா அனுமதி இல்லாமலா சார் வந்துட்டிருந்தேன்?"

ஆமாம் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது, இல்லை என்று சொன்னால் சட்டம் இடிக்கும். பேராசிரியர் பாதையை விட்டு விலகினார். பூட்டுக்காரம்மா காது மடல் சிவக்க, தலையசைக்காமலே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. பின்கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "சார், வரலாமா?" என்று பூட்டுக்காரம்மா குரல் கொடுப்பார். பேராசிரியர் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய், "வாங்க" என்பார். சாயங்காலமும் முன்கேட்டில் அதே கேள்வி, அதே பதில். குழாயை அவர் தொடுவதில்லை. அதற்கு அனுமதி கொடுக்கப்படவில்லை அல்லவா? செய்தித்தாள் கிடந்த இடத்திலேயே நனைந்தது. முன்பெல்லாம் கனவு மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தவர் இப்போது மனு கொடுக்க வந்தவர் மாதிரி வாசலில் நின்றார்.

ஒரு நாள் மழை. பேராசிரியர் குளியலறையில் இருந்தார். துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"நீ குளிச்சு முடிக்கற வரைக்கும் ஒரு மனுஷி மழையில நின்னுட்டிருந்தா. நான் உள்ள வாம்மான்னு கூப்பிட்டேன். சார்தான் சொல்லணுமாம்."

பேராசிரியர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். பூட்டுக்காரம்மா கதவுக்கு அந்தப் பக்கம் குடைக்குள் நின்றிருந்தார், பாதி நனைந்திருந்தார்.

"அனுமதியை ரத்து பண்ணிடறேன்" என்றார் பேராசிரியர் மூச்சிரைக்க.

"அப்ப வரக்கூடாதா சார்?"

"இல்ல, வாங்க. முன்ன மாதிரி அனுமதி இல்லாம வாங்க."

பூட்டுக்காரம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தார். சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் வாடிக்கையாளர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு உள்ளே வந்தார், குழாயை மூடினார், போனார். பேராசிரியர் மழையில் நின்றபடியே நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அந்த நிம்மதி மதியச் சாப்பாட்டு வரைக்கும்கூட நிற்கவில்லை. அனுமதி இல்லாமல் வா என்று சொன்னது அனுமதியா, இல்லையா? அனுமதி என்றால் இவ்வளவு அமர்க்களமும் வீண். இல்லை என்றால் உரிமை மறுபடி வளர ஆரம்பித்துவிட்டது. அதுவும் இந்தத் தடவை வீட்டுக்காரர் தன் வாயாலேயே தூண்டிவிட்டு. உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்களிடம் ஓய்வறையில் இதை ஒரு கற்பனைக் கேள்வியாகப் போட்டுப் பார்த்தார். ஆளுக்கொரு பதில் சொல்லி அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. ஒருவர் மட்டும், இதற்கெல்லாம் எளிய மருந்து இடைவெளிதான் என்றார். எப்போதாவது ஒரே ஒரு நாள் வழியை அடைத்துவிட்டால் போதும், தொடர்ச்சி அறுந்துவிடும், மறுநாள் திறந்துவிடலாம், யாருக்கும் நோகாது.

யாருக்கும் நோகாது என்பது பேராசிரியருக்குப் பிடித்திருந்தது. கடை அடைத்திருக்கும் வார விடுமுறை நாளாகப் பார்த்து அடைத்துவிட்டால் பூட்டுக்காரம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கதவுக்குப் பூட்டு வேண்டும். அந்தப் பக்கத்தில் பூட்டுக்கடை ஒன்றுதான்.

கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போய் அவர் கடைப் படியேறியபோது பூட்டுக்காரம்மா ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கின. காற்று வந்தபோது அவை ஒன்றோடொன்று உரசி மெல்லச் சத்தம் போட்டன. பேராசிரியருக்கு அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"ஒரு பூட்டு வேணும்."

"எந்தக் கதவுக்கு சார்?"

பேராசிரியருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "தோட்டத்து பின்கதவுக்கு."

அரம் நின்றது. பூட்டுக்காரம்மா எழுந்து போய் மேல்தட்டிலிருந்து கனமான பூட்டு ஒன்றை எடுத்து வந்து, துணியால் துடைத்து, பூட்டித் திறந்து காட்டினார். "இருக்கறதுலயே நல்ல பூட்டு. சாவி இல்லாம என்னாலகூட திறக்க முடியாது. ரெண்டு சாவி இருக்கு. ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க."

ஒரு சாவியை அவரிடமே நீட்டிவிடப் பேராசிரியரின் கை எழுந்தது. சாவி கொடுத்துவிட்டால் அடைப்பு அடைப்பாகாதே என்று சட்டம் அந்தக் கையை மடக்கிப் பைக்குள் போட்டது. வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது பை கனத்தது. பூட்டு அவ்வளவு கனமில்லை.

விடுமுறை நாள்களில் பேராசிரியர் நன்றாக விடிந்த பிறகுதான் எழுவார். அன்று மட்டும், சட்டம் தன் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்று, சீக்கிரமே எழுந்து பூட்டைப் போட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். தோட்டத்தில் பனி இறங்கியிருந்தது. எலுமிச்சை மரம் இருந்த இடத்தில் மரத்தின் நினைப்பு மட்டும்தான் தெரிந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பனி கொஞ்சம் விலகியபோது பின்கதவுக்கு மேலே சாம்பல் நிறக் குடை தெரிந்தது.

கடை இல்லாத நாளில் எதற்கு வருகிறார்? பாக்கி வேலை ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கதவு ஒருமுறை அசைந்தது. மரச்சட்டங்களுக்கு நடுவே ஒரு கை வந்து பூட்டைத் தொட்டது. நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தது, தொழில் பழக்கம். பிறகு கை போயிற்று, குடையும் போயிற்று. கூப்பிட்டால் தொடர்ச்சி அறாது. பேராசிரியர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறி ஏடு படிந்தது.

தொடர்ச்சி நன்றாகவே அறுந்தது. மறுநாள் பூட்டைக் கழற்றிக் கதவை விரியத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல்லையும் அண்டக்கொடுத்து வைத்தார். யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க ஒரு பூனைதான் அந்த வழியாக வந்தது.

"நடக்காம இருக்கறதால மட்டும் உரிமை போயிடாதுக்கா" என்றார் பேராசிரியர், அக்கா கேட்காமலேயே. "கைவிடற எண்ணமும் வேணும்."

"எண்ணம் இருக்கற மாதிரிதான் தெரியுது" என்றாள் அக்கா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சவரம் பண்ணி எத்தனை நாளாச்சுடா? முன்னெல்லாம் அவ வர்றதுக்கு முன்னாடி பளிச்சுனு வந்து உக்காருவியே" என்றாள்.

பேராசிரியர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தினமும் கல்லூரிக்காகத்தான் சவரம் செய்கிறோம் என்று இத்தனை காலமும் அவர் மனப்பூர்வமாக நம்பியிருந்தார்.

அன்று மதியம் ஓய்வறை மேஜையில் தலை சாய்த்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கனவில் அவருடைய தோட்டத்தில் ரோமாபுரி நீதிமன்றம் கூடியிருந்தது. வெள்ளை அங்கி அணிந்த பழைய சட்ட மேதைகள் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடந்து போனார்கள். ஒவ்வொருவரும் குனிந்து குழாயை இறுக்கினார்கள். யாராலும் சொட்டுவதை நிறுத்த முடியவில்லை. எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்திருந்த நீதிபதி, உன் வழக்கு என்ன, எதை இழந்தாய் என்று கேட்டார். தோட்டம் என்னுடையதுதான், வழியும் என்னுடையதுதான், ஒன்றும் இழக்கவில்லை என்றார் பேராசிரியர். அப்படியானால் ஏன் அழுகிறாய் என்று நீதிபதி கேட்டார். சட்டத்தில் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்து விழிப்பு வந்துவிட்டது. மேஜை நனைந்திருந்தது. எச்சில் என்று துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் தன் தீர்மானத்தைச் சொன்னார். உரிமை வளர்ந்துவிடுமோ என்று இனிப் பயப்படப் போவதில்லை. தானே முழு உரிமையையும் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிடப் போகிறார். யாரும் எப்போதும் அடைக்க முடியாத, ரத்து செய்ய முடியாத வழி பாத்தியதை. அக்கா மறுப்பாள் என்று எதிர்பார்த்து அதற்கும் ரோமாபுரியில் பதில் தயாராக வைத்திருந்தார். அக்காவோ, என் பாதியையும் சேர்த்து எழுதிடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பத்திரத்துக்கு அளவு வேண்டும். வழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யாருடைய எந்த வீட்டுக்காக என்று குறித்தாக வேண்டும். ஒரு சர்வேயரை ஏற்பாடு செய்தார். பிறகு தானே கடைக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும் என்று பூட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டார். உரிமையெல்லாம் எனக்கு எதுக்கு சார் என்றார் அவர். நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று பேராசிரியர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சரி என்றார்.

சாயங்காலம் பூட்டுக்காரம்மா முன்கேட்டில் மணியடித்து, விருந்தாளி மாதிரி வந்து தாழ்வாரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சர்வேயர் தோட்டத்தை அளந்து முடித்து, வீட்டைக் குறித்துக்கொள்ள நாடாவோடு சந்துப்பக்கம் போயிருந்தார். இலைகளுக்கு நடுவே வெயில் தங்க நிறமாகச் சாய்ந்திருந்தது. பேராசிரியர் பத்திர நகலை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"மேற்படி வழியில் அன்னாரும் அன்னாருக்குப் பின் வருபவர்களும், எந்த நாளும், எந்த நேரமும், குடையுடனும் குடையில்லாமலும், யாரையும் கேட்காமல் நடந்து செல்லவும், விருப்பப்பட்டால் குழாயை மூடவும்..."

பூட்டுக்காரம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று பேராசிரியருக்குப் பிடிபடவில்லை. மேலே படித்தார்.

"அன்னார் தமது வீட்டிலிருந்து தமது கடைக்குச் செல்ல வசதியான வேறு வழி இல்லாத காரணத்தால்..."

"அந்த வரி வேண்டாம் சார்" என்றார் பூட்டுக்காரம்மா.

"அது இல்லாம முடியாது. தேவைதான் இதுக்கு அஸ்திவாரம். தேவை இல்லாத இடத்துல வழி பாத்தியதை நிக்கவே நிக்காது."

"அப்படின்னா உரிமையே வேண்டாம்" என்று அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பேராசிரியரும் எழுந்தார். காகிதம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. சட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

"உரிமை வேண்டாம்னா விட்டுடுங்க. நீங்க வந்தா போதும். நீங்க வராததுலேருந்து எனக்கு விடியறதே இல்ல."

பூட்டுக்காரம்மா நின்றார். குடையைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாதவர் போல அதன் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள். தோட்டத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து சர்வேயர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே பின்கதவு வழியாக வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, அங்கே நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அளவெல்லாம் சரியா வருது சார், வழி எதுக்குன்னுதான் எனக்குப் புரியல. இந்தம்மா வீட்டு முன்னறைதானே அந்தப் பூட்டுக்கடை? நடுவுல ஒரே ஒரு கதவு, அதுக்குத் தாழ்ப்பாள்கூட கிடையாது."